மார்கா, ஹர் கி தூன், ட்ருக் பாதை: கூடாரமும் கோயிலும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால்

பனிமலைப் பக்கம் நாலைந்து நாள் நடக்க வேண்டும், கூடாரத்தில் தூங்க வேண்டும், வழியில் பழைய கோயிலோ மடாலயமோ பார்க்க வேண்டும், ஊர்க்காரர் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். இப்படி ஆசைப்படுகிறவர்களுக்கு ட்ரெக் நிறுவனங்கள் நீட்டும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். முதலில் ஊர் சுற்றல், அப்புறம் நடை, கடைசியில் ஷாப்பிங்குக்கு ஒரு நாள். அந்தத் தாள்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்துக்குப் போனாலும் ஒன்றுதான் என்று தோன்றும்.

போய் நடந்தால் அப்படி இல்லை. லடாக்கின் மார்கா பள்ளத்தாக்கு, உத்தராகண்டின் ஹர் கி தூன், பூட்டானின் ட்ருக் பாதை, இந்த மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன். நேபாளம் ஏன் முன்வரிசையில் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு எனக்கு இரண்டு கேள்விகள் போதும். மனிதர்களும் கோயில்களும் நடக்கிற பாதையிலேயே வருகிறார்களா, இல்லை கார் ஏறிப் போய்த் தனியாகப் பார்க்க வேண்டுமா? ஊர் சுற்றுகிற நாட்கள் உடம்பை உயரத்துக்குப் பழக்குகின்றனவா, இல்லை சும்மா நாளைத் தின்கின்றனவா? விலையும் கூடாரத்தின் தரமும் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும் என்பது, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர மலை நோய் பற்றி மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. பகலில் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கினால் பரவாயில்லை. கணக்கில் வருவது படுக்கிற இடம். சமவெளியிலிருந்து போகும் நமக்கு இந்த விதியை மீறத்தான் ஆசை வரும், ஏனென்றால் லீவு குறைவு. ட்ரெக் திட்டத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் செய்வது, ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டரில் படுக்கிறோம் என்று ஓரத்தில் எழுதிப் பார்ப்பதுதான்.

மார்கா: ஊர்வழியே ஏறும் பாதை

டெல்லியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லடாக்கின் முக்கிய ஊரான லே. கிட்டத்தட்ட 3,500 மீட்டர். மேலே சொன்ன விதி முதல் நாளே உடைந்துவிடுகிறது. அதனால் லேயில் குறைந்தது இரண்டு முழு நாள் இருந்துதான் ஆக வேண்டும். மற்ற ஊர்களில் 'சைட்ஸீயிங்' என்பது கூடுதல் செலவு; இங்கே அது மருந்து. இறங்கிய அன்று அறையை விட்டு நகராமல் படுத்துக் கிடக்கலாம். மறுநாள் ஷே அரண்மனை, திக்ஸே மடாலயம். இரண்டும் லேயின் உயரத்தையொட்டியே இருப்பவை, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திக்ஸேயில் இரண்டு மாடி உயரத்துக்கு மைத்ரேயர் (வரப்போகும் புத்தர்) சிலை. அதற்கடுத்த நாள் சிந்து நதியோடு கீழே இறங்கி ஆல்ச்சி மடாலயம். காஷ்மீரத்துக் கைவண்ணம் தெரியும் எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. லேயை விடத் தாழ்ந்த ஊர் என்பதால் மூச்சுக்கும் நிம்மதி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சில நிறுவனங்கள் இரண்டாம் நாளே கர்துங் லா கணவாய்க்குக் கார் பயணம் வைக்கின்றன. அது 5,300 மீட்டருக்கு மேல். போட்டோ நன்றாக வரும், தலைவலியும் கூடவே வரும். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். சொல்லியும் எடுக்கவில்லை என்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

நடை ஜான்ஸ்கர் ஆற்றங்கரையில், சிலிங் பக்கம் தொடங்குகிறது. சிலிங் உலோக வேலைக்காரர்களின் ஊர். ஷே அரண்மனைச் சிலையைச் செய்ய நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஸ்கியூ, மார்கா, ஹங்கர் என்று ஊர் ஊராகப் போகும் பாதை. வாற்கோதுமை வயல், பாப்ளர் மரம், மந்திரம் செதுக்கிய 'மணி' கற்கள் அடுக்கிய நீண்ட சுவர் (அதை வலப்பக்கம் விட்டுக் கடக்க வேண்டும்), மேலே பாறை முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் டெச்சா மடாலயம், இடிந்த கோட்டை. பார்க்க வேண்டியவை எல்லாம் காலடியில் வந்துகொண்டே இருக்கும். முதல் கேள்விக்கு இந்த மூன்றில் மார்காதான் முழுசாகப் பதில் சொல்கிறது.

ராத்திரி தங்கல் பெரும்பாலும் ஹோம்ஸ்டே. இதற்குப் பின்னால் பனிச்சிறுத்தை இருக்கிறது. பாதை முழுக்க 1981இல் அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. சிறுத்தை ஆட்டுப்பட்டிக்குள் புகுந்தால் ஒன்றிரண்டோடு நிற்காது, கிடைத்ததையெல்லாம் கடித்துப் போடும். ஒரு குடும்பத்தின் சொத்து ஒரே ராத்திரியில் போய்விடும். பழிக்குப் பழியாகச் சிறுத்தையைக் கொன்றார்கள். அதைத் தடுக்கத்தான் 2000களின் தொடக்கத்தில் வனவிலங்கு ஆர்வலர்கள், பட்டிகளுக்கு மேலே கம்பிவலை போட்டுக் கொடுத்ததோடு, நடைப்பயணிகளை வீட்டில் தங்கவைத்துச் சம்பாதிக்கும் வழியையும் ஊர்க்காரர்களுக்குக் காட்டினார்கள். நீங்கள் கொடுக்கும் வாடகைக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு, காலை உணவு, கையில் கட்டிக் கொடுக்கும் மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். சமையலறைதான் வீட்டின் பெரிய கூடம். நடுவில் அடுப்பு, சுவர் நிறையப் பித்தளைப் பாத்திரம், கையில் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர். முதல் வாய் எல்லோருக்கும் கஷ்டம். தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும்.

அப்படியானால் கூடாரம்? அது நிமாலிங்கில். ஊர்கள் முடிந்து, மேய்ப்பர்கள் கோடையில் மட்டும் ஆடு, யாக் ஓட்டிவரும் மேட்டுப் புல்வெளி. எதிரே 6,400 மீட்டர் காங் யாட்ஸே சிகரம். ஜூலையிலும் ராத்திரியில் தண்ணீர் உறையலாம். பயணத்தில் கூடாரம் வாழ்க்கையாகவே ஆகும் ராத்திரி இதுதான். நான் பார்க்கச் சொன்ன உயரக் கணக்கும் இங்கேதான் இடிக்கும். ஹங்கர் கிட்டத்தட்ட 4,000 மீட்டர். நிமாலிங் 4,700க்கு மேல். ஒரே நாளில் போய்விட நடைநேரம் போதும், உடம்புக்குப் போதாது. நடுவில் தோச்சுங்ட்ஸே என்ற இடத்தில் ஒரு ராத்திரி கூடாரம் போடும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்து விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். மறுநாள் 5,200 மீட்டரை ஒட்டிய கோங்மாரு லா கணவாயைக் கடந்து இறங்கினால் ஷாங் கிராமம், அங்கிருந்து காரில் ஹெமிஸ்.

ஹெமிஸ் 17ஆம் நூற்றாண்டு மடாலயம். திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோன குரு பத்மசம்பவரின் பிறந்தநாளையொட்டி ஜூன் அல்லது ஜூலையில் இரண்டு நாள் முகமூடி நடனத் திருவிழா நடக்கும். திபெத்திய நாட்காட்டிப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். திருவிழாவுக்கு முந்தின நாள் ஷாங்கில் இறங்கும்படி திட்டம் போட்டால் நடையும் திருவிழாவும் ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பெரிய பட்டுத் திரைச்சீலை ஒன்றை விரிப்பார்கள். போன முறை 2016, அந்தக் கணக்கில் அடுத்தது 2028.

குறை இல்லாமல் இல்லை. சாலை பள்ளத்தாக்குக்குள் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது, முதல் நாள் நடையில் ஜீப் தூசி உங்கள் மேல் விழலாம். எங்கிருந்து நடக்கத் தொடங்குகிறீர்கள் என்று கேட்டு வையுங்கள். பனி உருகும் மாதங்களில் மதியத்துக்கு மேல் ஆறு பெருகும், முழங்கால் தண்ணீரில் கடக்க நேரும். வேறு மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது; போஸ்ட்பெய்ட் வேண்டும்.

ஹர் கி தூன்: முதல் தடவைக்கு இதுதான்

இதுவரை இமயமலையில் நடந்ததே இல்லை, கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஹர் கி தூன். டேராடூனிலிருந்து முசோரி, புரோலா, மோரி வழியாக சங்க்ரி வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் மலைச்சாலை. பகல் முழுக்க வளைவுதான், வாந்தி மாத்திரை அவசியம். புரோலா பக்கம் வந்ததும் சன்னலோரம் உட்காருங்கள். அந்தப் பள்ளத்தாக்கு சிவப்பரிசி வயல்களுக்குப் பேர் போனது.

சங்க்ரி 2,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் கொடைக்கானலுக்கும் இலங்கையின் நுவரெலியாவுக்கும் நடுவிலான உயரம்தான். ஓஸ்லா கிராமம் 2,500ஐ ஒட்டி. ஹர் கி தூன் 3,500. ஹர் கி தூனில் படுக்காமல் பகலில் போய்த் திரும்பினால் உயரக் கணக்கு தானாகவே சரியாக வருகிறது, ஊர் சுற்றி உடம்பைப் பழக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அதே காரணத்தால்தான் நிறுவனங்கள் இந்தப் பாதையை வேகமாக ஓட்டிவிடுகின்றன. ஓஸ்லாவை ஆற்றுக்கு எதிர்க்கரையிலிருந்து கைகாட்டிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். அங்கே போய் ஓஸ்லாவுக்குள் ஒரு ராத்திரி தங்காமல் வந்தால் பாதிப் பயணம் வீண்.

ஓஸ்லாவின் மரக்கோயிலைப் பல பயணக் குறிப்புகள் துரியோதனன் கோயில் என்றே எழுதும். நம் பக்கம் திரௌபதி அம்மன் விழாவில் படுகளத்தில் மண்ணால் செய்து படுக்கவைத்து வதைக்கிற அதே துரியோதனன். ஊரில் கேட்டால் இப்போது பலரும் சோமேஸ்வரர் என்பார்கள். துரியோதனன் கதையைக் கிண்டிக் கேட்பதை ரசிக்காதவர்களும் உண்டு. சோமேஸ்வரர் ஒரே கோயிலில் நிலையாக இருப்பவர் இல்லை, பல்லக்கில் ஊர் ஊராகப் போய்வருகிற தெய்வம். கோயிலில் எதைத் தொடலாம், எங்கே வரை போகலாம் என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளத்தாக்கின் முடிவில் நிற்கும் ஸ்வர்காரோகிணி சிகரத்தின் வழியாகத்தான் பாண்டவர்கள் சொர்க்கம் போனார்கள் என்பது நம்பிக்கை. அடிவாரத்தில் கௌரவன் கதை, உச்சியில் பாண்டவன் கதை என்று மகாபாரதத்தின் இரண்டு கட்சியும் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கிறது.

வீடுகளையும் நின்று பாருங்கள். தேவதாரு உத்தரத்தையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியவை. கீழே மாடு, மேலே மனிதர்கள். நிலம் குலுங்கும்போது மரம் நெளிந்து கொடுக்கும், சுவர் சரியாது. 1991இல் பெரிய நிலநடுக்கத்தைப் பார்த்த மாவட்டம் இது.

கூடாரம் விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் மலையுச்சிப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. ரூப்குண்ட் போன்ற புகழ்பெற்ற பாதைகள் அதில்தான் அடிபட்டன. அதனால் எந்த இடத்தில் கூடாரம் போடுவீர்கள், வனத்துறை அனுமதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புல்வெளிக்கு நடுவில் கூடாரம் என்று விளம்பரப் படம் காட்டினால் சந்தேகப்படலாம். கீழே தங்கி, ஹர் கி தூனுக்குப் பகலில் போய்த் திரும்புகிற திட்டம் ஒன்றும் மோசமில்லை.

சாப்பாட்டுக்கு இந்த மூன்றில் நமக்கு ஒத்துப்போவது இங்கேதான். சோறு, பருப்பு, ராஜ்மா, கேழ்வரகு ரொட்டி.

ட்ருக் பாதை: முழுக் கூடாரம், பெரிய பில்

பூட்டானில் விஷயம் தலைகீழ். பாரோவிலிருந்து தலைநகர் திம்புவுக்கு, சாலை வருவதற்கு முன் மக்கள் நடந்துபோன மலைமுகட்டுப் பாதை. சுமார் 50 கிலோமீட்டர், ஐந்து நாள் அளவு. இடையில் ஊர் கிடையாது. ஜேலே சோங் என்ற பழைய கோட்டை மடம், ஜிமிலாங் ஏரி, யாக் மேய்ப்பவர்களின் குடிசைகள், கடைசியில் திம்புவுக்கு மேலே தொங்கும் பாஜோதிங் மடாலயம், அவ்வளவுதான். ராத்திரி எல்லாம் கூடாரம். சுமை தூக்கக் குதிரை, சமையல்காரர், சாப்பிடத் தனிக் கூடாரம் என்று பழைய பாணிப் படையெடுப்பு. கூடார வாழ்க்கைதான் முக்கியம் என்பவர்களுக்கு மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்காது. ஏப்ரல், மே மாதங்களில் வழியெல்லாம் ரோடோடென்ட்ரான் பூக்கும். வானம் தெளிவாக இருந்தால் கங்கர் புயென்சும் தெரியும். 7,570 மீட்டர், யாரும் ஏறாத சிகரங்களில் உலகிலேயே உயரமானது. பூட்டான் 2003இல் மலையேற்றத்தையே தடை செய்துவிட்டதால் அப்படியேதான் இருக்கும்.

பண்பாடு இரண்டு முனைகளிலும் குவிந்துகிடக்கிறது. பாரோவில் பாறை விளிம்பில் 1692இல் எழுந்த தக்ட்சங் மடாலயம். 1998 தீவிபத்தில் அழிந்து, திரும்பக் கட்டப்பட்டது. வசந்தத்தில் பாரோ திருவிழா, இலையுதிர் காலத்தில் திம்பு திருவிழா. நடைப்பாதையில் மனிதர்களைப் பார்க்க முடியாது என்பதை இந்த இரண்டு ஊரும் ஈடுகட்டிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரிலிருந்து இறங்கிப் பார்க்கிற மடாலயமும், நடந்து களைத்துப் போய்ச் சேர்கிற மடாலயமும் ஒன்றில்லை. அந்த வகையில் இங்கே பாஜோதிங் ஒன்றுதான் கணக்கில் வரும். அங்கே படிக்கும் சிறுவர் பிக்குகள் பந்து விளையாடக் கூப்பிட்டால் போங்கள்.

உயரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பாரோ விமான நிலையம் 2,235 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி. முதல் ராத்திரிக் கூடாரம் ஜேலே சோங் அருகில், 3,400ஐ ஒட்டி. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல். நடையைத் தொடங்குமுன் பாரோவில் இரண்டு மூன்று நாள் இருந்து, 3,120 மீட்டரில் உள்ள தக்ட்சங் ஏறி, காரில் 3,900க்கு மேலிருக்கும் செலெ லா கணவாய்க்குப் போய்த் திரும்பினால் உடம்பு ஓரளவு தயாராகும். நிறைய நிறுவனங்கள் தக்ட்சங்கைக் கடைசி நாளுக்கு வைக்கின்றன. முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் கூடாது.

செலவு என்றால், இந்தியர்களுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். எட்டு ராத்திரிக்கு ஒருவருக்கு 9,600. வழிகாட்டி, குதிரை, ஓட்டல், விமானம் தனி. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு அந்தக் கட்டணம் ஒரு ராத்திரிக்கு 100 டாலர் (2023 செப்டம்பருக்கு முன் 200 ஆக இருந்தது), விசாவும் வேண்டும். அவர்களுக்கு இந்தப் பாதையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தில் மார்காவையும் ஹர் கி தூனையும் சேர்த்தே பார்த்துவிடலாம். இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். சோங் எனப்படும் கோட்டை மடங்களுக்குள் முழுக்கை, முழுக்கால் உடை கட்டாயம். எமா தட்சி என்ற மிளகாய்ப் பாலாடைக் குழம்பில் மிளகாய்தான் காய்கறி. காரத்துக்குப் பேர் போன நம்மவர்களும் அங்கே கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள்.

நேபாளம்

நேபாளத்தின் அன்னபூர்ணா, எவரெஸ்ட் பாதைகளில் தங்கல் எல்லாம் தேநீர் விடுதிகளில். கூடாரம் தேவைப்படுவதில்லை, அதனால்தான் இந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை. ஆனால் வைணவக் குடும்பத்துக்கு ஒரு விதிவிலக்கு. அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைக் கடந்து இறங்கினால் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கூடாரம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்பவர்கள் இதைத் தனியாக யோசிக்கலாம். நடக்க முடியாத பெரியவர்கள் ஜோம்சோம் வரை விமானத்தில் வந்து முக்திநாத்தில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

எந்த மாதம், யாருக்கு எது

பாதி முடிவை நாட்காட்டியே எடுத்துவிடும். மே மாதப் பள்ளி லீவில் கோங்மாரு லா பனியில் கிடக்கும், மார்கா நடக்காது. ஹர் கி தூன், ட்ருக் பாதை இரண்டும் நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் உத்தராகண்டிலும் பூட்டானிலும் மழை, மண்சரிவு, அட்டை. மழைமறைவுப் பகுதியான லடாக்தான் அப்போது வழி, என்றாலும் 2010 ஆகஸ்டில் லேயை அடித்துப்போன மேகவெடிப்பை மறந்துவிட்டு ஆற்றோரத்தில் கூடாரம் போட விடாதீர்கள். செப்டம்பரில் மூன்றும் ஓரளவு திறந்திருக்கும், முதல் பாதி மார்காவுக்கு, கடைசி வாரம் மற்ற இரண்டுக்கு. ஆயுத பூஜை லீவு என்றால் ஹர் கி தூன் அல்லது ட்ருக்.

முதல் ட்ரெக், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட வருகிறது, பட்ஜெட் அளவோடுதான் என்றால் ஹர் கி தூன். ஏற்கெனவே ஒரு மலையில் நடந்து, தன் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவருக்கு, பன்னிரண்டு நாள் லீவும் கிடைக்குமென்றால், மார்கா. என் ஓட்டும் அதற்குத்தான். சொகுசான முகாம், அமைதி, பூக்காலம் வேண்டும், பணம் ஒரு பிரச்சினை இல்லை என்றால் ட்ருக். தக்ட்சங் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை என்றால் ட்ரெக்கே வேண்டாம். நாலு நாள் பாரோ போய்வாருங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: ராத்திரி தங்கும் இடங்களின் உயரப் பட்டியல், வழிகாட்டி அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரா (சங்க்ரியிலும் லேயிலும் இது சாத்தியம்தான்), யாருக்காவது தலைவலி முற்றினால் கூட்டத்தைப் பிரித்து அவரைக் கீழே இறக்க இரண்டாவது ஆள் உண்டா, ஆக்ஸிஜன் சிலிண்டர் முகாமில் இருக்குமா, சங்க்ரியிலோ லேயிலோ ஆபீஸில் இருக்குமா. உயர மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை வாட்ஸப் குரூப் சொன்னதென்று போடாமல் உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பயணக் காப்பீட்டில் உயர வரம்பு எத்தனை மீட்டர் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். மார்காவுக்கு அந்த எண் 5,200க்கு மேல் இருந்தாக வேண்டும்.